சிவப்புக் கோடும் வெப்பத்தின் நிறமும்

ஒரே நகரத்தின் இரண்டு வரைபடங்களைக் கணினித் திரையில் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நகரம், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்ட். முதல் வரைபடம் 1930களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அரசு அலுவலர்களும் உள்ளூர் வீட்டுமனைத் தரகர்களும் சேர்ந்து நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு வண்ணங்கள் தீட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வரைபடத்தை வரைந்த கை என்று எதையும் சொல்ல முடியாது. பூமியிலிருந்து 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் லேண்ட்சாட் 8 என்ற செயற்கைக்கோள், கோடைக்காலக் காலைப்பொழுதுகளில் அந்நகரத்தின் தரையும் கூரையும் எவ்வளவு சூடாக இருந்தன என்று பதிவு செய்ததன் விளைவு அது. அதிலும் சிவப்பு உண்டு. வெப்பம் மிகுந்த இடங்களுக்கு அந்த நிறம்.

இரண்டு வரைபடங்களுக்கும் இடையே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள். ஒன்று கடன் கொடுப்பதற்கு உகந்த இடம் எது என்று சொல்ல வந்தது. மற்றது வெப்பத்தைச் சொல்ல வந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் இரண்டு சிவப்புகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழுகின்றன. இக்கட்டுரை இந்தப் பொருத்தம் எப்படி உண்டானது, அதை நம்மால் எப்படிக் காண முடிந்தது என்ற இரண்டு வரலாறுகளைப் பற்றியது. பருவநிலை மாறிவரும் காலத்தில் நகரங்கள் தம்மைத் தகவமைத்துக்கொள்வது பற்றிப் பேசுகையில், செயற்கைக்கோள் தரவுகள் ஏதோ நேற்றுப் பிறந்த தொழில்நுட்ப வரம் போலச் சொல்லப்படுவதுண்டு. அதற்கும் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதில் அறிவியலும், அரசியலும், விலைப்பட்டியலும் சம அளவில் கலந்திருக்கின்றன.

*

நகரம் தன்னைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிடச் சூடானது என்பதை முதன்முதலில் முறையாக அளந்து எழுதியவர் லூக் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர். தொழில்முறையில் மருந்து தயாரிப்பாளர். வானத்தைப் பார்ப்பது அவருக்குப் பித்து. இன்றும் நாம் பயன்படுத்தும் க்யூமுலஸ், ஸ்ட்ரேட்டஸ், சிர்ரஸ் முதலிய மேகப் பெயர்கள் அவர் வைத்தவை. லண்டனுக்கு வெளியே தாம் வசித்த இடங்களில் வெப்பமானி வைத்து ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் குறித்துக்கொண்டார். நகருக்குள் ராயல் சொசைட்டி எடுத்துவந்த அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டார். 1818லும் 1820லும் இரண்டு பகுதிகளாக வெளிவந்த 'லண்டனின் தட்பவெப்பம்' என்ற நூலில் அவர் கண்ட முடிவு இது: இரவில் லண்டன் நகரம் நாட்டுப்புறத்தைவிடச் சராசரியாக 3.7 டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக இருக்கிறது. அதாவது இரண்டு டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல். பகலில் வேறுபாடு அற்பம். சொல்லப்போனால் நகரம் இம்மியளவு குளிர்ச்சி.

இந்த 'இரவில்' என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

ஹோவர்ட் ஊகித்த காரணங்கள் இன்றும் பெருமளவு செல்லுபடியாகின்றன. நெருக்கமாக எழுந்த சுவர்கள் பகலில் வெப்பத்தை விழுங்கி இரவில் மெல்ல உமிழ்கின்றன. ஆயிரக்கணக்கான அடுப்புகளும் உலைகளும் எரிகின்றன. ஆவியாகி வெளியைக் குளிர்விக்கும் ஈரம் நகரத் தரையில் இல்லை. இவற்றோடு நாம் இன்று தாரையும் காங்கிரீட்டையும் வாகனங்களையும் குளிர்சாதனப் பெட்டிகள் வெளியே தள்ளும் சூட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மரம் வேரால் நீரை உறிஞ்சி இலைவழி ஆவியாக்குகையில் சுற்றியுள்ள வெப்பத்தைச் செலவழிக்கிறது. அந்த மரத்தை வெட்டிவிட்டு அதே இடத்தில் தார் ஊற்றினால், செலவழியாத வெப்பம் அங்கேயே தங்குகிறது.

ஆனால் ஹோவர்டிடமும் அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு வந்தவர்களிடமும் இருந்தவை ஒற்றை வெப்பமானிகள். நகருக்குள் சில, வெளியே சில. எந்தத் தெரு சூடு, எந்தத் தெரு குளிர்ச்சி என்று அவற்றால் சொல்ல இயலாது. நகரம் மொத்தமும் அவர்களுக்கு ஓர் எண்.

*

மேலிருந்து பார்த்து நகர வெப்பத்தைக் காட்டிய முதல் ஆய்வுக் குறிப்பு 1972ல் அமெரிக்க வானிலையியல் கழகத்தின் இதழில் வெளியானது. எழுதியவர் பி. கிருஷ்ண ராவ். அமெரிக்க அரசின் செயற்கைக்கோள் சேவையில் பணியாற்றியவர். கட்டுரை இரண்டே பக்கம். ஐடோஸ்-1 என்ற வானிலைச் செயற்கைக்கோளின் அகச்சிவப்பு அளவீடுகளில், அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையோர நகரங்கள் சுற்றுப்புறத்தைவிடச் சூடான திட்டுகளாகத் தெரிகின்றன என்று அவர் காட்டினார். அந்தக் கருவியின் பார்வை மிக மங்கலானது. பல கிலோமீட்டர் அகலமுள்ள பரப்பு ஒற்றைப் புள்ளியாகிவிடும். நகரம் என்று ஒன்று இருப்பது தெரியும். அதற்குள் தெருக்கள் தெரியா. என்றாலும் ஒரு கதவு திறந்தது.

அதே 1972ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று பிற்பாடு லேண்ட்சாட் 1 என்று பெயர் பெற்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் பின்கதை சுவாரஸ்யமானது. விண்ணிலிருந்து பூமியைப் படமெடுக்கும் கலை அதுவரை உளவுத்துறையின் கையில் இருந்தது. 1960 முதல் பறந்த கொரோனா உளவுச் செயற்கைக்கோள்களின் படங்கள் பல பத்தாண்டுகள் ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தன. பயிரையும் காட்டையும் நீரையும் நகரத்தையும் எல்லோரும் காணும்படி படமெடுக்கும் ஒரு குடிமைச் செயற்கைக்கோள் வேண்டும் என்று வாதாடியவர், அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் தலைவர் வில்லியம் பெக்கோரா. 1966ல் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால் அப்படியொரு திட்டத்தைத் திடீரென்று பத்திரிகைகளுக்கு அறிவித்து, நாசாவையே சங்கடத்தில் ஆழ்த்தினார். பாதுகாப்புத் துறைக்கும் இதில் உவப்பில்லை. இழுபறிக்குப் பின் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது அதைக் காணப் பெக்கோரா இல்லை. நான்கு நாட்களுக்கு முன்பு காலமாகியிருந்தார்.

லேண்ட்சாட் 1ல் இரண்டு கருவிகள் இருந்தன. முதன்மையானது, ஆர்சிஏ நிறுவனம் உருவாக்கிய தொலைக்காட்சிவகைக் கேமரா. இரண்டாவது, ஹியூஸ் நிறுவனத்தில் வர்ஜீனியா நார்வுட் என்ற பொறியாளர் வடிவமைத்த பல்நிறமாலை வருடி. வேகமாக ஆடும் ஒரு கண்ணாடியால் பூமியைக் கோடு கோடாக வருடி, நான்கு வெவ்வேறு அலைநீளங்களில் எண்களாக மாற்றி அனுப்பும் கருவி அது. ஆடும் பாகம் கொண்ட கருவியை விண்ணில் எப்படி நம்புவது என்று பலர் ஐயுற்றனர். நார்வுட்டின் குழு அதன் மாதிரியை ஒரு வண்டியில் ஏற்றிக் கலிஃபோர்னியாவின் மலைகளைப் படமெடுத்துக் காட்டியது. ஏவிய பின் நடந்தது வேறு. முதன்மைக் கேமரா மின்கோளாறால் விரைவிலேயே நிறுத்தப்பட்டது. துணைக்குப் போன வருடிதான் திட்டத்தின் கண்ணாயிற்று. 2023ல் மறைந்த நார்வுட்டை 'லேண்ட்சாட்டின் தாய்' என்று குறிப்பிடுவது வழக்கம்.

அந்த முதல் வருடிக்கு வெப்பம் தெரியாது. எதிரொளிக்கும் ஒளி மட்டுமே தெரியும். 1982ல் லேண்ட்சாட் 4ம் 1984ல் லேண்ட்சாட் 5ம் சென்றபின், 120 மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகக் காணும் வெப்ப அலைவரிசை நடைமுறைக்கு வந்தது. நகர அளவில் சொன்னால், ஒரு புள்ளியில் இரண்டு மூன்று தெருக்கள் அடங்கும். ஹோவர்டுக்கு ஒற்றை எண்ணாக இருந்த நகரம் இப்போது ஆயிரக்கணக்கான எண்களாகப் பிரிந்தது. மூன்றாண்டுகள் உழைத்தால் போதும் என்று வடிவமைக்கப்பட்ட லேண்ட்சாட் 5, 2013 வரை ஏறத்தாழ 29 ஆண்டுகள் உழைத்துச் சாதனை படைத்தது.

*

கண் கிடைத்தது. காட்சி எல்லோருக்கும் கிடைத்ததா?

1980களில் அமெரிக்க அரசு, செயற்கைக்கோள் படங்களைச் சந்தையே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தது. 1984ல் அதற்கெனச் சட்டம் வந்தது. மறு ஆண்டு ஹியூஸும் ஆர்சிஏயும் கூட்டாகத் தொடங்கிய ஈயோசாட் நிறுவனத்திடம் விற்பனை உரிமை போனது. ஏறத்தாழ 185 கிலோமீட்டர் அகல நீளமுள்ள ஒரு காட்சியின் விலை நாலாயிரம் டாலரைத் தாண்டியது. ஆராய்ச்சியாளர்கள் ஓராண்டின் ஒரு படத்தை வாங்கி, அதை வைத்தே ஆய்வேடு எழுதி முடித்த காலம் அது. வாங்குவார் இல்லாத இடங்களைப் படமெடுப்பதே குறைந்துபோனது. ஆகவே உலகின் ஏழை நாடுகள் பலவற்றுக்கு அந்த ஆண்டுகளின் பதிவு ஓட்டை விழுந்த துணிபோல இருக்கிறது. 1989ல் பணமில்லை என்று செயற்கைக்கோள்களையே அணைத்துவிடும் நிலைகூட வந்து, கடைசி நேரத்தில் தவிர்க்கப்பட்டது. ஈயோசாட்டின் லேண்ட்சாட் 6, 1993ல் சுற்றுப்பாதையை எட்டாமலே விழுந்தது.

1992ல் இன்னொரு சட்டம் திட்டத்தை அரசின் பொறுப்புக்குத் திருப்பியது. 1999ல் சென்ற லேண்ட்சாட் 7ன் காட்சி ஒன்றுக்கு 600 டாலர் என்று விலை இறங்கியது. அதுவும் பலருக்கு எட்டாத விலைதான். 2008ல் நிலவியல் ஆய்வுத்துறை ஒரு முடிவெடுத்தது: 1972 முதல் சேர்ந்த மொத்தக் காப்பகத்தையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடுவது. விலைக்கு விற்ற காலத்தில் ஆண்டுக்குச் சில பத்தாயிரங்களில் நின்ற எண்ணிக்கை, இலவசமானபின் பத்து லட்சங்களைக் கடந்தது. ஒரு படத்தை வைத்து எழுதியவர்கள், ஒரே இடத்தின் நாற்பதாண்டுப் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு நகரின் ஏரி எப்போது சுருங்கியது, தோப்பு எப்போது குடியிருப்பானது, எந்தக் கோடையில் எந்தப் பகுதி கொதித்தது என்ற கேள்விகளை எழுப்பப் பெரிய நிதியுதவி தேவையில்லை என்றாயிற்று. பொதுநூலகம் ஒன்றின் கதவு திறந்ததற்கு இதை ஒப்பிடலாம்.

இதன்பின்னும் ஒரு கண்டம் இருந்தது. 2013ல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8க்கு முதலில் தீட்டிய திட்டத்தில் வெப்பக் கருவியே இடம்பெறவில்லை, செலவு மிச்சம். இதை எதிர்த்து முன்னின்றவர்களில் நகர ஆய்வாளர்கள் பெயர் அதிகமில்லை. அமெரிக்க மேற்கு மாநிலங்களின், குறிப்பாக ஐடஹோவின், பாசன நீர் நிர்வாகிகளே உரத்துக் குரல் கொடுத்தார்கள். வயலிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று கணக்கிட அவர்களுக்கு அந்த வெப்ப அளவு வேண்டியிருந்தது. கடைசியில் நாசாவின் காடர்ட் மையம் அவசர அவசரமாக ஒரு வெப்பக் கருவியைச் செய்து சேர்த்தது. அது 100 மீட்டர் சதுரத்தைப் பார்க்கும். உருளைக்கிழங்கு விளையும் மாநிலத்தின் நீர்க்கணக்குக்காகப் போராடிப் பெற்ற கருவி, சில ஆண்டுகளில் நகரத்துச் சேரிகளின் வெப்பத்தைச் சொல்லப் பயன்பட்டது. பொதுச்சொத்து ஒன்றின் பயனை முன்கூட்டியே கணக்கிட்டு அதன் விலையை நிர்ணயிக்க முயல்பவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2018ல் லேண்ட்சாட் தரவுக்கு மீண்டும் கட்டணம் விதிக்கலாமா என்ற ஆலோசனை அமெரிக்க அரசில் எழவே செய்தது.

*

இனி முதல் வரைபடத்துக்கு வருவோம்.

1930களின் பெருமந்தத்தில் லட்சக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் வீடிழக்கும் நிலையில் இருந்தன. ரூஸ்வெல்ட்டின் அரசு 1933ல் வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை நிறுவி, ஏறத்தாழ பத்து லட்சம் கடன்களை ஏற்று எளிய தவணைகளாக மாற்றிக் கொடுத்தது. நல்ல காரியம்தான். அதே கழகம் 1935 முதல் 1940 வரை இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களை ஆய்ந்து, எந்தப் பகுதியில் கடன் கொடுப்பது பத்திரம் என்று தரம் பிரித்தது. முதல் தரத்துக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், இறங்குமுகத்தில் இருப்பதற்கு மஞ்சள், அபாயகரமானது என்று கருதியதற்குச் சிவப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம் உண்டு. கட்டடங்களின் வயது, பழுது, வாடகை ஆகியவற்றோடு, அங்கே கறுப்பின மக்கள் எத்தனை விழுக்காடு, வெளிநாட்டிலிருந்து குடியேறியோர் எத்தனை பேர் என்று கேட்கும் கட்டங்களும் அதில் இருந்தன. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லா நகரங்களிலும் சிவப்பாயின.

ரிச்மண்டின் ஜாக்சன் வார்ட் அவற்றில் ஒன்று. அது வெறும் ஏழைக் குடியிருப்பு அன்று. 1903ல் மேகி வாக்கர் என்ற கறுப்பினப் பெண்மணி அங்கே ஒரு வங்கியைத் தொடங்கினார். அமெரிக்காவில் வங்கி தொடங்க உரிமம் பெற்ற முதல் பெண் அவரே என்பார்கள். கடைகள், அரங்குகள், தேவாலயங்கள் என்று 'தெற்கின் ஹார்லெம்' எனப் பேசப்பட்ட பகுதி அது. சொந்தமாக வங்கியே வைத்திருந்த சமூகத்தின் தெருக்கள், கடனுக்கு லாயக்கற்றவை என்று வண்ணம் பெற்றன. 1940களில் அதன் வடக்கே கில்பின் என்ற அரசுக் குடியிருப்பு எழுந்தது. 1950களில் நெடுஞ்சாலை ஒன்று அந்தப் பகுதியை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. எத்தனையோ வீடுகள் இடிக்கப்பட்டன. நிலம் மலிவாகவும் எதிர்க்கும் குரல் பலவீனமாகவும் இருக்கும் இடத்தில்தான் நெடுஞ்சாலைகளுக்கு வழி கிடைக்கிறது. அகன்ற தார்ப்பரப்பு வந்தது. வாகன நிறுத்தங்கள் வந்தன. மரங்களுக்கு இடமில்லாமல் போனது. இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் 1968ல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் கையெழுத்தானது. அதற்குள் தார் உறைந்துவிட்டது.

இந்த வரைபடங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்து ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் கென்னத் ஜாக்சன் என்ற வரலாற்றாசிரியர். 2016ல் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அவற்றை எண்ணியல் வடிவில் இணையத்தில் வைத்தது. ஒருபுறம் இலவசமாகத் திறந்த வெப்பப் படங்கள்; மறுபுறம் இலவசமாகத் திறந்த பழைய வரைபடங்கள். இரண்டையும் யாரேனும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது காலத்தின் கட்டாயம்தான்.

பார்த்தவர்கள் ரிச்மண்ட் அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜெரமி ஹாஃப்மன், போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விவேக் ஷாந்தாஸ், நிக்கலஸ் பெண்டில்டன் ஆகிய மூவர். 2020 தொடக்கத்தில் வெளியான அவர்களுடைய ஆய்வு 108 அமெரிக்க நகர்ப்பகுதிகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் 94 விழுக்காட்டில், ஒருகாலத்தில் சிவப்புத் தீட்டப்பட்ட பகுதிகள் மற்றப் பகுதிகளைவிடச் சூடாக இருந்தன. நாடு தழுவிய சராசரி வேறுபாடு 2.6 டிகிரி செல்சியஸ். சில நகரங்களில் அது ஏழு டிகிரி வரை போயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அந்தச் சிவப்பு மையே வெப்பத்தை உண்டாக்கிற்று என்று சொல்லிவிட முடியாது. வரைபடம் வரைவதற்கு முன்பே பாகுபாடு இருந்தது. வரைந்தவர்கள் இருந்ததைப் பதிவு செய்தார்கள். கழகம் கொடுத்த கடன்களில் பெரும்பகுதி வரைபடங்களுக்கு முந்தியவை என்பதையும், தனியார் வங்கிகளும் 1934ல் தோன்றிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் தத்தம் வழியில் கறுப்பின மக்களை விலக்கி வைத்தன என்பதையும் வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆகவே அந்த வரைபடத்தைக் குற்றவாளி என்பதைவிட, குற்றம் நடந்த இடத்தின் வாக்குமூலம் என்று கொள்வதே பொருத்தம். முதலீடு எங்கே போகவில்லை, மரம் எங்கே நடப்படவில்லை, நெடுஞ்சாலை எங்கே வந்தது என்ற நீண்ட தொடர்ச்சியின் முதல் ஏடு அது. செயற்கைக்கோள் காட்டியது கடைசி ஏடு.

*

செயற்கைக்கோள் எல்லாவற்றையும் காட்டுகிறதா என்றால், இல்லை.

முதலாவது, அது அளப்பது மேற்பரப்பின் வெப்பத்தை. கூரை, தார், மரத்தின் உச்சி ஆகியவை வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை எண்ணாக்குகிறது. மனிதன் சுவாசிக்கும் காற்றின் வெப்பம் வேறு. உச்சிவெயிலில் வெறுங்காலோடு மொட்டைமாடியில் நடந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, லேண்ட்சாட் ஓரிடத்தைக் கடப்பது முற்பகல் பத்து மணியளவில், பதினாறு நாட்களுக்கு ஒருமுறை. 2021ல் லேண்ட்சாட் 9 சேர்ந்தபின் எட்டு நாட்களுக்கு ஒருமுறை. மேகம் மறைத்தால் அதுவும் இல்லை.

ஹோவர்டின் 'இரவில்' என்ற சொல்லை இங்கே நினைவுகூர்வோம். நகர வெப்பம் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் இரவில்தான். பகல் முழுதும் வாட்டிய உடலுக்கு இரவில் ஆறுதல் கிடைக்காவிட்டால் இதயம் களைத்துவிடுகிறது. 2003 ஆகஸ்டில் ஃபிரான்ஸில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்பத்தால் இறந்தனர். பெரும்பாலோர் முதியவர்கள். பிற்பாடு பாரிஸ் பகுதியின் வானிலைச் செயற்கைக்கோள் படங்களை, இரவுப் படங்களையும் சேர்த்து, முதியவர்களின் இறப்புகளோடு ஒப்பிட்டார்கள். இரவின் குறைந்தபட்ச வெப்பம் எங்கே இறங்க மறுத்ததோ அங்கே அபாயம் கூடியிருந்தது தெரிந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்து வியாபாரி குறிப்பேட்டில் எழுதிவைத்த வேறுபாடு, உயிர் போகும் வேறுபாடு என்பது அப்படித்தான் உறுதியாயிற்று. 2018ல் விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட ஈக்கோஸ்ட்ரெஸ் என்ற கருவி, பகலிரவின் வெவ்வேறு வேளைகளில் பார்க்கும் என்பதால் இக்குறையை ஓரளவு தீர்க்கிறது.

மூன்றாவது குறை கருவிகளால் தீராதது. 1995 ஜூலையில் சிகாகோவை ஒரு வெப்ப அலை தாக்கியது. சில நாட்களில் 739 பேர் கூடுதலாக இறந்தனர். அந்தத் துயரத்தை ஆராய்ந்து எரிக் க்ளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் 2002ல் ஒரு நூல் எழுதினார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்ற இரண்டு பகுதிகள் அருகருகே இருப்பவை. இரண்டும் ஏழைப் பகுதிகள். தனியே வாழும் முதியவர்கள் இரண்டிலும் உண்டு. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒரே வானிலைதான். ஆனால் நார்த் லான்டேலின் இறப்பு விகிதம் ஏறத்தாழ பத்து மடங்கு. சவுத் லான்டேலில் கடைத்தெரு உயிரோடு இருந்தது. முதியவர்கள் வெளியே வந்தார்கள்; வராவிட்டால் தேடிப்போக ஆள் இருந்தது. நார்த் லான்டேலில் தொழிற்சாலைகளும் கடைகளும் மூடி, வீடுகள் காலியாகி, எஞ்சிய முதியவர்கள் அச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் ஒருவர் தனியே இருக்கிறார் என்பது எந்த அலைவரிசையிலும் பதிவாவதில்லை.

ரிச்மண்டில் இந்தக் குறைகளை உணர்ந்தே செயல்பட்டார்கள் எனலாம். 2017 ஜூலை 13 அன்று தன்னார்வலர்கள் கார்களிலும் சைக்கிள்களிலும் வெப்பமானிகளைப் பொருத்திக்கொண்டு நகரத் தெருக்களில் காலை, பிற்பகல், மாலை என்று மூன்று வேளை சுற்றினார்கள். ஒரே நேரத்தில் நகரின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் இடையே காற்றின் வெப்பத்திலேயே ஏறத்தாழ ஒன்பது டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தது. செயற்கைக்கோள் காட்டிய பொதுச்சித்திரம் தரையில் உறுதியானது. இம்முறை பின்னர் அமெரிக்காவின் பல நகரங்களுக்குப் பரவியது. தன் தெருவின் வெப்பத்தைத் தானே அளந்தவர், நகரமன்றக் கூட்டத்தில் எழுந்து பேசும்போது குரலில் ஒரு உறுதி வந்துவிடுகிறது. நிபுணர் கொடுத்த அறிக்கையால் மட்டும் வரக்கூடியதன்று அது.

*

தெரிந்துகொண்டபின் என்ன செய்வது?

செய்ய வேண்டியவை பெரும்பாலும் பழைய, எளிய காரியங்கள். மரம் நடுவது, கூரைக்கு வெள்ளையடிப்பது, பேருந்து நிறுத்தத்தில் நிழல் அமைப்பது, தார்ப்பரப்பைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுவது, கடும்வெயில் நாட்களில் முதியவர்களைத் தேடிச்செல்வது. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தபின், 2013ல் அந்நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர் பயிற்சி, குடிநீர், வெள்ளைக் கூரைகள் ஆகியவையே அதன் உள்ளடக்கம். இவற்றில் எதற்கும் செயற்கைக்கோள் தேவையில்லை. எங்கே முதலில் என்ற கேள்விக்குத்தான் தேவை. மரக்கன்றுகளும் பணமும் எப்போதும் குறைவு. கேட்கத் தெரிந்தவர்களின் தெருவுக்கே அவை முதலில் போய்ச் சேருவது நகராட்சிகளின் இயல்பு. வெப்பத்தின் வரைபடம் அந்த வரிசையை மாற்றக் கேட்கும் ஒரு சான்றாவணம். ரிச்மண்ட் 2020ல் நகரத்துக்குச் சொந்தமான நிலங்களைப் பூங்காவாக்கும் அறிவிப்பை வெளியிட்டபோது, பசுமை குறைந்த தென்பகுதியைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஏற்றுக்கொண்ட பெருந்திட்டத்திலும் வெப்பம் ஒரு பொருளாக இடம்பெற்றது.

ஒரு கவலையும் உண்டு. பூங்கா வந்தால் வாடகை ஏறும். வெயிலில் இத்தனை காலம் வாழ்ந்தவர்கள் நிழல் வரும்போது வெளியேற நேரலாம். அப்படி நடந்தால் அடுத்த வெப்பப் படத்தில் அந்தப் புள்ளி குளிர்ந்திருக்கும். அதைப் பார்ப்பவர் திட்டம் வெற்றி என்று எழுதக்கூடும். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று படம் சொல்லாது. அதைக் கேட்க, முன்னர் எடுத்த படத்தையும் அந்தப் பழைய நான்கு வண்ண வரைபடத்தையும் அருகில் வைத்திருக்க வேண்டும்.

நடும் கன்று நிழல் தர இருபது ஆண்டுகளாவது ஆகும். அதன் குளிர்ச்சி, நூறு மீட்டர் சதுரமுள்ள ஒரு புள்ளியில் தெரியும் அளவுக்குப் பல மரங்கள் தழைக்க வேண்டும். அதுவரை லேண்ட்சாட் வரிசை அறுபடாமல் இருக்க வேண்டும். அதன் தரவு யாரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். இரண்டுமே நிச்சயமானவை அல்ல என்பதை இதுவரையிலான வரலாறு காட்டுகிறது. கில்பின் குடியிருப்பின்மீது அடுத்த செயற்கைக்கோள் கடக்க இன்னும் எட்டு நாட்களுக்கு மேல் ஆகாது. மேகம் இல்லையென்றால், முற்பகல் பத்து மணியளவில், அந்தத் தெருக்களின் சூடு இன்னொருமுறை எண்ணாகிக் காப்பகத்தில் சேரும்.